இரவல் கடப்பாரை

பரீது அண்ணாச்சியின் கடப்பாரை என்னிடம்தான் இருக்கிறது, வேல்ராஜ். அதைப் போலீஸ்காரர்கள் எடுத்துப் போய்விட்டார்கள் என்று நான் அவரிடம் சொன்னது பொய். பாவம், தோப்பில் தென்னம்பிள்ளை வைக்கக் குழி தோண்ட வேண்டும் என்று அவரும் நயமாகக் கேட்டுப் பார்த்தார். இரவல் வாங்கிய சாமானை வேலை முடிந்த கையோடு கழுவித் துடைத்துத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும் என்பது எனக்குத் தெரியாததல்ல. ஆனாலும் கொடுக்கவில்லை.

அண்ணாச்சி உன்னிடம் சாதாரணமாகத்தான் சொல்லியிருப்பார். ஸ்டேஷனில் சொல்லி வாங்கித் தாரும் என்று கேட்டிருப்பார். நீ விசாரித்திருப்பாய், அங்கே அப்படி எதுவும் இல்லை என்று தெரிந்திருக்கும். விடிந்ததும் கடையத்திலிருந்து வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டாய். மச்சினனாக வந்திருக்கிறாயா, எஸ்.ஐ.யாக வந்திருக்கிறாயா என்று நான் கேட்கவில்லை. யூனிஃபார்ம் போடாமல் வந்திருக்கிறாய், ஆனால் செருப்பை வாசலில் கழற்றவில்லை. உன் அக்காவின் படத்துக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றாய். பிறகு உட்காராமலே ஒரே ஒரு கேள்வி கேட்டாய்.

"ஒங்க வீட்ல இல்லாத கடப்பாரையா அத்தான்?"

நியாயமான கேள்வி. உன் அக்கா ஆனந்தவள்ளி செத்த அன்றைக்கே யாராவது கேட்டிருக்க வேண்டிய கேள்வி. அது ஆயுத பூஜை அன்றைக்கு, இப்போது தை பிறந்துவிட்டது. இவ்வளவு நாளும் இந்தக் கேள்வியோடு யாராவது வருவார்களா என்று வாசலைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். உட்கார். எனக்கு எதுவும் வரிசைப்படி இருக்க வேண்டும். வரிசைப்படியே சொல்கிறேன்.

தபால் ஆபீஸில் கடிதம் பிரித்துப் போட்டுக் காலம் தள்ளியவனுக்கு உளியும் ரம்பமும் எதற்கு என்று நீயே என்னைக் கேலி செய்திருக்கிறாய். எனக்கு ஒரு ஆணி நேராக அடிக்க வராது. அது ஊருக்கே தெரியும். செங்கோட்டை ரோட்டில் சுடலையாண்டியின் பழைய இரும்புக் கடைக்கு, உடைந்த சைக்கிள் ஒன்றை எடைக்குப் போடத்தான் முதலில் போனேன். அங்கே சாக்கு மேல் ஒரு ரசமட்டம் கிடந்தது. பித்தளைப் பட்டை போட்டது, கொத்தனார்கள் சுவர் மட்டம் பார்ப்பது. கையில் எடுத்து வைத்தேன். உள்ளே இருந்த குமிழி அங்கும் இங்கும் அலைந்துவிட்டு நடுவில் வந்து நின்றது. என் மனசும் அங்கேயே நின்றுவிட்டது. சைக்கிளைக் கொடுத்துவிட்டு அதை வாங்கிக்கொண்டு வந்தேன்.

அதற்குப் பிறகு நடந்ததை ஆசை என்று சொல்வது குறைவு. ஒரு சுத்தியல் இருந்தால் இதைவிடச் சின்னதாக ஒன்று இருக்குமே என்று தோன்றும். சின்னது கிடைத்துவிட்டால் இரண்டுக்கும் நடுவில் ஒன்று இல்லையே என்று தோன்றும். நடுவில் உள்ளது வந்து சேர்ந்த அன்றைக்கு ஒரு நிம்மதி வரும் பார், சாப்பாடு தண்ணி வேண்டாம். அது ஒரு வாரம் தாங்காது. மறுபடியும் சுடலையாண்டி கடை, புளியங்குடியில் மூடின மரக்கடை, எங்கேயாவது ஒரு ஆசாரி செத்துப்போனார் என்றால் அந்த வீடு. துக்கம் கேட்கப் போகிற மாதிரிப் போய், பேச்சோடு பேச்சாக உளிப்பெட்டியைப் பற்றி விசாரிப்பேன். வெட்கமாகத்தான் இருக்கும். வெட்கப்பட்டுக்கொண்டே வாங்கி வருவேன்.

உபயோகிப்பதற்கு இல்லை. உபயோகித்தால் தேயும், முனை மழுங்கும், பிடியில் கை அழுக்கு ஏறும். அதனால் இந்த வீட்டில் எந்தக் கருவியும் வேலை செய்ததில்லை. காலண்டர் மாட்ட ஒரு ஆணி அடிக்க வேண்டுமென்றால் உன் அக்கா அம்மிக் குழவியைத்தான் எடுப்பாள். ஒரு சுவர் நிறையச் சுத்தியல் தொங்கும், அவள் குழவியால் தட்டிக்கொண்டு நிற்பாள். தட்டிக்கொண்டே என்னைப் பார்த்துச் சிரிப்பாள்.

"ஒங்க புள்ளைகள ஒறங்க வைங்க. நான் சத்தம் காட்டாம அடிச்சிக்கிடுதேன்."

மகள் நிர்மலா கல்யாணமாகிப் பெங்களூருக்குப் போனதும் அவள் அறை கருவிகளுக்கு ஆனது. அவள் வந்தால் ஹாலில் பாய் விரித்துப் படுப்பாள். ஆனந்தவள்ளி அதற்கும் சண்டை போடவில்லை. அவள் சண்டை போட்டிருந்தால் நான் நிறுத்தியிருப்பேன் என்று சொல்லத் தோன்றுகிறது. அது உண்மையில்லை, விட்டுவிடு.

குற்றாலத்தில் நடந்ததை அவள் உன்னிடம் சொல்லியிருப்பாள். சிரித்துக்கொண்டே சொல்லியிருப்பாள். அவளுக்கு ஆசை என்று பெரிதாக எதுவும் இருந்ததில்லை. சாரல் விழுந்தால் ஒரு நாள் அருவியில் தலையைக் கொடுக்க வேண்டும். அவ்வளவுதான். ஒரு ஆடியில் கூட்டிக்கொண்டு போனேன். மாற்றுச் சேலையும் துண்டும் இருந்த பையை என்னிடம் கொடுத்துவிட்டுப் பெண்கள் பக்கம் போனாள். நான் கரையில் நின்றேன். ரோட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு பழைய லாட்ஜை இடித்துக்கொண்டிருந்தார்கள். கதவு ஜன்னலை விற்றுவிட்டு, மர வேலைக்காரர்கள் விட்டுப்போன ஒரு பெட்டியைத் தெருவில் வைத்திருந்தார்கள். பார்த்துவிட்டு வந்துவிடலாம் என்றுதான் போனேன்.

பெட்டிக்குள் மரம் சீவுகிற இழைப்புளி ஒன்று இருந்தது. மரத்தில் செய்தது இல்லை, வார்ப்பிரும்பு. வெள்ளைக்காரன் காலத்தில் வந்தது. வார்ப்பிரும்பு பார்க்கத்தான் முரடு, கீழே விழுந்தால் கண்ணாடி மாதிரி விரிசல் விட்டுவிடும். இத்தனை வருஷம் ஒரு கீறல் இல்லாமல் இருந்தது. பேரம் பேசினேன், சாரல் வலுத்தது. அது நனையக்கூடாது என்று பையைத் திறந்து துண்டில் சுற்றினேன், துண்டுக்கு மேல் சேலையைச் சுற்றினேன். திரும்பி வந்தபோது அவள் ஈரச் சேலையோடு ஒரு பஜ்ஜிக் கடை ஓரமாக ஒதுங்கி நின்றாள். எண்ணெய் தேய்க்கிற ஆட்களும் போகிற வருகிறவர்களும் பார்க்கப் பார்க்க, இரண்டு கையையும் மார்போடு கட்டிக்கொண்டு உதறலெடுத்து நின்றாள். உதடெல்லாம் நீலமாக இருந்தது. பையை வாங்கினாள். கனத்தது.

"சேலைக்குள்ள என்ன?"

பிரித்துக் காட்டினேன். பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"அதுக்குக் குளிருதோ?" என்றாள்.

அப்புறம் சிரித்துவிட்டாள். சேலையை மறுபடியும் அதன் மேலேயே சுற்றிவிட்டு, ஈரத்தோடுதான் தென்காசி வரைக்கும் பஸ்ஸில் வந்தாள். அந்தச் சிரிப்பை நான் மன்னிப்பு என்று எடுத்துக்கொண்டேன். அந்த இழைப்புளிதான் ராக்கின் மேல் தட்டில், நடுவில் இருக்கிறது.

ராக்கைப் பற்றிச் சொல்ல வேண்டும். தரையிலிருந்து ஆள் உயரத்துக்கு மேலே போகிற இரும்பு ராக். கனமான சாமான் எல்லாம் அதில்தான். பூனை கீனை தட்டிக் கீழே விழுந்துவிடக் கூடாது என்று ஒவ்வொரு தட்டுக்கும் முன்னால் கம்பி வலை கட்டினேன். சாமான்களைத் தட்டோடு சேர்த்து நாடாவால் கட்டினேன். ராக்கைச் சுவரோடு கட்டவில்லை. அதை மாட்டிக் கொடுத்த மணிமுத்து, சுவரில் இரண்டு ஓட்டை போட்டு போல்ட் முடுக்க வேண்டும், டிரில்லைக் கொண்டுவரவில்லை என்றான். எதிர்ச் சுவரைப் பார்த்துவிட்டு, "இங்கனதான் இத்தன டிரில்லு தொங்குதே அண்ணாச்சி, கையால சுத்துதது ஒண்ணத் தாங்க, இப்பமே போட்டுருதேன்" என்றான். சிமெண்டில் இறக்கினால் அலகு என்னத்துக்கு ஆகும். பிறகு சொல்லி அனுப்புகிறேன் என்றேன். சொல்லி அனுப்பவில்லை. உன் அக்கா எத்தனையோ தடவை சொன்னாள். ராக்கைத் தொட்டாலே ஆடுது, ஒரு போல்ட்டு போடுங்க என்று. நான் ஆடாமல் தொடு என்றேன்.

இனி ஆயுத பூஜை. உனக்கே தெரியும், உன் அக்காவுக்கு அந்த நாள் எப்படி என்று. அரிவாள்மனையை முந்தின நாளே கழுவி வைத்துவிடுவாள், காய்கறியைக்கூட முன்னதாகவே நறுக்கிவிடுவாள். சந்தனமும் குங்குமமும் வைத்துவிட்டால் மறுநாள் பூஜை போட்டு எடுக்கிற வரை அதைத் தொடக்கூடாது. கத்தரிக்கோல்கூடத் தொடக்கூடாது. என் கருவி அத்தனைக்கும் அவள்தான் பொட்டு வைப்பாள். காலையில் குளித்துவிட்டு, அரைத்த சந்தனத்தைக் கிண்ணத்தில் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தால் மத்தியானம் தாண்டிவிடும். ஒன்றுகூட விடமாட்டாள். எனக்குத்தான் அவற்றின் மேல் பைத்தியம் என்று ஊர் சொல்லும். ஒவ்வொன்றையும் வருஷத்துக்கு ஒரு தடவையாவது விரலால் தொட்டவள் அவள்தான்.

எனக்கு அதிலும் ஒரு சங்கடம் உண்டு. சந்தனத்தில் ஈரம் இருக்கிறது. ஈரம் நின்றால் இரும்பில் துரு பிடிக்கும். அதனால் மறுநாள் பூஜை போட்ட உடனே துணியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விடுவேன். எல்லாப் பொட்டையும் அழித்து எண்ணெய் பூசினால்தான் எனக்குக் காப்பி இறங்கும். அவளுக்கு அது மட்டும் கொஞ்சம் மனவருத்தம்.

"நான் வச்ச கை காயல. அதுக்குள்ள தொடைக்கியளே."

அன்றைக்கும் காலையிலேயே ஆரம்பித்தாள். எதிர்ச் சுவர் முழுக்க முடித்தாள். கடப்பாரைகள் அங்கேதான் வரிசையாக நிற்கின்றன, நீ பார்த்திருக்கிறாய். பிறகு ராக்கின் கீழ்த் தட்டு, நடுத் தட்டு. மேல் தட்டுக்கு அவளுக்கு எட்டாது. வழக்கமாக ஸ்டூல் போட்டு நான்தான் எடுத்துக் கொடுப்பேன். நான் வாசலில் உட்கார்ந்து, புதிதாக வந்த ஒரு குறட்டுக்கு மண்ணெண்ணெய் போட்டுக்கொண்டிருந்தேன். மேல் தட்டுக்கு வாங்க என்று கூப்பிட்டாள். வாரேன் என்றேன். மறுபடியும் கூப்பிட்டாள். வாரேம்ட்டி என்றேன். ராக்கின் கீழ்த் தட்டில் கால் வைத்து ஏறியிருக்கிறாள்.

சத்தம் கேட்டது. இதை நான் யாரிடமும் சொன்னதில்லை, வேல்ராஜ். இரும்பு சிமெண்டுத் தரையில் விழுந்தால் ஒரு சத்தம் உண்டு. பல்லில் கூசுகிற சத்தம். அதை எதிர்பார்த்து என் உடம்பு இறுகியது. அந்தச் சத்தம் வரவில்லை. மெத்தென்று ஏதோ வாங்கிக்கொண்ட மாதிரி அடங்கிப் போன சத்தம். அப்பாடா என்று எனக்கு ஒரு ஆறுதல் வந்தது. எழுந்திருக்கிறதுக்கு முன்னால் அந்த ஆறுதல்தான் முதலில் வந்தது.

உள்ளே போனேன். நாடாவும் வலையும் கட்டியிருந்ததால் ஒரு சாமானும் சிதறவில்லை. அத்தனை பாரமும் ராக்கோடு சேர்ந்து அவள் மேல் கிடந்தது. மல்லாந்து கிடந்தாள். நடுத் தட்டின் இரும்பு நெஞ்சுக்குக் குறுக்கே. தலையும் ஒரு கையும் வெளியே இருந்தன. விரலில் சந்தனம் இருந்தது. பேசினாள். மூச்சு வாங்கி வாங்கி, ஆனால் தெளிவாகத்தான் பேசினாள்.

"மூச்சு முட்டுது. எதையாது வச்சு நெம்புங்க."

கையால் தூக்கிப் பார்த்தேன். அசையவில்லை. நெம்பினால் ராக் ஒரு பக்கமாகச் சாயும், மேல் தட்டில் இருக்கிறது தரையில் மோதும் என்று எனக்குப் பட்டது. அதனால் முதலில் மேல் தட்டை இறக்கினேன். கட்டிலில் கிடந்த அவள் போர்வையை எடுத்துத் தரையில் விரித்து, நாடாவை அவிழ்த்து, இழைப்புளிகளை ஒவ்வொன்றாக எடுத்து ஒன்றோடு ஒன்று இடிக்காமல் வைத்தேன். குற்றாலத்து இழைப்புளியை இரண்டு கையாலும் எடுத்தேன். அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பாரத்தக் கொறைக்கியளா. சரி" என்றாள்.

ஆமா என்றேன். பிறகு உங்கள் இன்ஸ்பெக்டர் வந்து போர்வையைப் பார்த்துவிட்டு, பெரியவர் பதற்றத்திலும் யோசித்துத்தான் செய்திருக்கிறார் என்றார். நான் தலையாட்டினேன்.

அடுத்தது கடப்பாரை. எதிர்ச் சுவருக்குப் போய் ஒன்றைக் கையில் எடுத்தேன். ஆமாம், எடுத்தேன். எட்டுப் பட்டையாக அடித்த, பழைய ரயில்வே முத்திரை போட்டது. அவள் கொஞ்ச நேரத்துக்கு முன்னால் வைத்த பொட்டு என் உள்ளங்கையில் ஒட்டியது. முனையைப் பார்த்தேன். பட்டறையிலிருந்து வந்த நாளிலிருந்து மண்ணில் படாத முனை. ராக்கின் இரும்புக்கும் சிமெண்டுக்கும் நடுவில் கொடுத்து அழுத்தினால் மடங்கிவிடும். ஒரு தடவை மடங்கினால் மடங்கினதுதான், காய்ச்சி அடித்தாலும் பழைய முனை வராது. பக்கத்தில் இருந்ததைப் பார்த்தேன். அதுவும் அப்படித்தான். எல்லாமே அப்படித்தான்.

"என்ன பாக்கிய?" என்றாள்.

"பொட்டு வச்சாச்சே ஆனந்தி" என்றேன்.

நீ இன்ஸ்பெக்டரிடம் அழுதுகொண்டே சொன்னாய். அத்தான் பூச போட்ட சாமானத் தொடமாட்டாரு சார், அக்கா அப்படிப் பழக்கி வச்சிருக்கா என்று. நான் அந்தப் பொய்யை உனக்குச் சொல்லவில்லை. நீயாகத்தான் சொன்னாய். ஊரும் அதையே சொன்னது. எவ்வளவு பக்தி, பொண்டாட்டி உசுருக்குப் போராடுதப்பம்கூட ஐதீகத்த விடல பாரு என்று திட்டினவர்களும் உண்டு, உச்சுக்கொட்டினவர்களும் உண்டு. யாருக்கும் தெரியாத ஒன்று இருக்கிறது. நான் அப்படிச் சொன்னதும் உன் அக்கா என்ன சொன்னாள் தெரியுமா?

"சாமி ஒண்ணும் சொல்லாது. எடுங்க."

சாந்தமாகத்தான் சொன்னாள். வருஷம் பூராவும் சாமிக்குப் பயந்தவள், அந்தச் சாமியையும் எனக்காக ஒதுக்கி வைத்துவிட்டாள். அதற்கு மேல் என்னிடம் சாக்கு இல்லை. கடப்பாரையை இருந்த இடத்திலேயே சாய்த்து வைத்தேன்.

"பரீது அண்ணாச்சிட்ட ஒண்ணு கெடக்கு. வாங்கிட்டு வந்துருதேன்."

அவள் என்னைப் பார்த்தாள். குற்றாலத்தில் பையைத் திறந்து பார்த்தாளே, அதே பார்வை. இந்தத் தடவை சிரிக்கவில்லை. நான் வாசல் வரை போனதும் உள்ளிருந்து குரல் வந்தது.

"பூட்டிட்டுப் போங்க. தெறந்து கெடந்தா ஒங்களுக்கு அங்கன நெல கொள்ளாது."

எந்த அர்த்தத்தில் சொன்னாள் என்று எனக்குத் தெரியவில்லை, வேல்ராஜ். தினமும் யோசிக்கிறேன். என்னை அவ்வளவு புரிந்து வைத்திருந்தாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். சில நாள் அப்படிச் சொல்லிக்கொள்ள முடிவதில்லை. எப்படியானாலும், நான் பூட்டினேன்.

அடுத்த வீட்டில் அண்ணாச்சி இல்லை, வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் தோப்பில் இருந்தார். நடந்து போனேன். ஓடவில்லை. ஓடினால் தெருவில் என்ன ஏது என்று கேட்பார்கள். நாலு பேர் வந்தால் ராக்கை ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கிப் போடுவார்கள், போர்வையில் வைத்திருப்பதை மிதிப்பார்கள். போன் சட்டைப் பையில்தான் இருந்தது. ஆம்புலன்ஸ்காரர்களும் வந்தால் அப்படித்தான் செய்வார்கள் என்று தோன்றியது. அண்ணாச்சியிடமும் கடப்பாரை ஒன்று வேண்டும் என்று மட்டும்தான் கேட்டேன்.

"அடப் பாவி மனுசா, ஒம்மகிட்ட இல்லாத கடப்பாரையா?" என்று அவரும் சிரித்தார்.

நீ இன்று கேட்டதை அவர் அன்றைக்கே கேட்டுவிட்டார். சேறாக இருக்கு, கழுவித் தாரேன் என்று வாய்க்காலில் இறங்கினார். எலுமிச்சை விலை விழுந்ததைப் பற்றி ஏதோ சொல்லிக்கொண்டே கழுவினார். சேறோடு பரவாயில்லை, கொடுங்கள் என்று நான் பிடுங்கிக்கொண்டு வந்திருக்கலாம். நின்றேன். ஒரு கருவியைக் கழுவுகிறவரை அவசரப்படுத்த எனக்கு வாய் வரவில்லை.

அந்த நேரத்தில் அவர் மருமகள் ஜுஹைனா எங்கள் வீட்டுப் பக்கம் வந்திருக்கிறாள். யாரோ கூப்பிட்ட மாதிரிக் கேட்டு வந்தாளாம். வாசலில் பூட்டைப் பார்த்துவிட்டு, ரெண்டு பேரும் கோவிலுக்குப் போயிருப்பார்கள், டி.வி. சத்தமாக இருக்கும் என்று திரும்பிப் போய்விட்டாள். துஷ்டி கேட்க வந்த இடத்தில் அதைச் சொல்லிச் சொல்லி மார்பில் அடித்துக்கொண்டு அழுதாள். நீங்கள் பூட்டிவிட்டுப் போனதில் தப்பில்லை, நான்தான் இன்னும் கொஞ்சம் நின்று கேட்டிருக்க வேண்டும் என்று என்னிடமே மன்னிப்புக் கேட்டாள். அந்தப் பெண்ணிடம் போய் அவள் மேல் ஒரு தப்பும் இல்லை என்று நீயாவது சொல். என்னால் அந்தப் பக்கம் போக முடியவில்லை.

திரும்பி வந்து பூட்டைத் திறந்தேன். ஆனந்தி என்று கூப்பிட்டேன். வாங்கிட்டு வந்துட்டேன் என்று சொன்னேன். கண் திறந்துதான் இருந்தது. போர்வையின் பக்கம் பார்த்த மாதிரி இருந்தது. நான் கடப்பாரையை ராக்குக்கு அடியில் கொடுத்து அழுத்தினேன். வேல்ராஜ், ஒரே அழுத்துத்தான். கிழவன் நான், என் பலத்துக்கே அது எழும்பிவிட்டது. அவ்வளவு லேசான வேலை. கடப்பாரையின் முனை கொஞ்சம் மடங்கியது. நல்லவேளை, நம்முடையது இல்லை என்று நினைத்தேன். அவள் கிடக்கிறாள், நான் அதைத்தான் நினைத்தேன். அதற்கு அப்புறம்தான் எனக்கு அழுகை வந்தது. வந்த அழுகை உண்மையானது. நீ வந்து என்னைத் தூக்கினாயே, அப்போது நான் அழுததில் பொய் இல்லை. இப்போதும் இல்லை. எனக்கு அவள் வேண்டும். காலையில் எழுந்தால் முதலில் அவள் வேண்டும் என்றுதான் இருக்கிறது.

ராக் விழுந்து சாகவில்லை உன் அக்கா. அது விழுந்த பிறகும் பேசிக்கொண்டிருந்தாள். நான் ஒரு கடப்பாரையின் முனையைப் பார்த்துக்கொண்டு நின்றதில் செத்தாள். நான் கொன்றேன். இதை நீ எப்படி எழுதிக்கொள்வாயோ எழுதிக்கொள், கையெழுத்துப் போடுகிறேன். வண்டியில் ஏறச் சொன்னால் ஏறுகிறேன். சட்டை மாற்றிவிட்டுத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

ஆனால் நீ கேட்டது கடப்பாரையை. ஏன் திருப்பிக் கொடுக்கவில்லை என்று சொல்லிவிடுகிறேன். மறுநாள் சுடுகாட்டிலிருந்து வந்ததும் நான் அந்த அறைக் கதவைச் சாத்திக்கொண்டேன். அத்தான் அக்கா விழுந்த இடத்தில் உட்கார்ந்து அழுகிறார், விடுங்கள் என்று நீ எல்லாரையும் தடுத்தாயாம். நான் துடைத்துக்கொண்டிருந்தேன். சந்தனம் பூசி ஒரு நாளுக்கு மேல் ஆகிவிட்டது, உள்ளே துரு இறங்கிவிடும். எல்லாவற்றையும் துடைத்து எண்ணெய் போட்டேன். முடித்துவிட்டு நிமிர்ந்து பார்த்தபோதுதான் தெரிந்தது. அவள் விரல் பட்ட இடம் ஒன்றுகூட மிச்சம் இல்லை. உளி உளியாக, சுத்தியல் சுத்தியலாக எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். எல்லாம் பளபளவென்று இருந்தது. அன்றைக்கு நான் அழுத அழுகையை நீ வெளியே நின்று கேட்டிருப்பாய்.

அப்போதுதான் மூலையில் சாய்ந்திருந்த அண்ணாச்சியின் கடப்பாரை கண்ணில் பட்டது. ராக்கை நெம்பி எழுப்பினபோது அவள் கை சரிந்து அதன் மேல் பட்டிருக்கிறது. கை பிடிக்கிற இடத்துக்குக் கொஞ்சம் கீழே, சந்தனம் தோய்ந்த மூன்று விரலும் பதிந்திருந்தது. ரேகைகூடத் தெரிந்தது. ஊரெல்லாம் பூஜை போட்ட நாளில் சும்மா கிடந்த அந்த இரவல் கடப்பாரைக்கும் அவள் போகிற போக்கில் பொட்டு வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். அவள் கடைசியாகத் தொட்டது அதைத்தான். அதை எப்படி நான் கொடுப்பேன்? அதைக் கொண்டுபோய் அவர் தென்னங்குழி தோண்டுவார். அதனால்தான் போலீஸ் எடுத்துப் போய்விட்டது என்று சொன்னேன். தினமும் காலையில் அதன் முன்னால் உட்கார்ந்து அந்த மூன்று விரலையும் பார்ப்பேன். என்னிடம் இருக்கிற அத்தனையிலும் அது ஒன்றுதான் வேலை செய்த கருவி.

அங்கேதான் இருக்கிறது, எழுந்து போய்ப் பார். எட்டுப் பட்டைக் கடப்பாரைக்கு அடுத்தது. லைட்டைப் போட்டுக்கொள். விரல் அடையாளத்தைத் தேடாதே மாப்பிள்ளை. மார்கழிப் பனியில் சந்தனத்துக்கு அடியில் லேசாகத் துரு பிடிக்க ஆரம்பித்தது. துடைத்து எண்ணெய் போட்டுவிட்டேன்.